கண்ணாடியை உடைக்க அனுமதி

ரூட் என்பவரிடம் விளக்கம் கேட்டு வாரியம் அனுப்பிய நோட்டீசுக்குப் பதில் வரவில்லை. இரண்டாவது நோட்டீசுக்கும் வரவில்லை. மூன்றாவதை அச்சடிக்கும் முன் யாருக்கோ தோன்றி, தாணுலிங்கத்தைக் கூப்பிட்டு, "ஆரு இந்த ரூட்டு? எந்த செக்‌ஷன்ல இருக்கான்?" என்று கேட்டார்கள்.

தாணுலிங்கம் தாய்மொழிச் சான்று வாரியத்தின் கணினிப் பொறுப்பாளர். நாகர்கோவில் பக்கத்துக்காரர். கரமனையில் வாடகை வீடு. ஒப்பந்த ஊழியர் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதே நாற்காலியில் புதிதாக வேலைக்குச் சேர்வார். வாரியம் தம்பானூரில் ஒரு லாட்ஜின் மேல்மாடியில் இருந்தது. இன்னாருக்குத் தாய்மொழி தமிழ், இன்னாருக்குக் கன்னடம் என்று சான்று கொடுப்பது அதன் வேலை. அந்தச் சான்று இருந்தால்தான், மலையாளம் தாய்மொழியாக இல்லாத மொழிச் சிறுபான்மையோருக்கு ஒதுக்கிய கல்லூரி இடங்களுக்கு விண்ணப்பிக்க முடியும். பேசிக்காட்டினால் போதாது.

வாரியத்துக்கு ஒரே ஒரு சர்வர். அதில் ஒரு மாவட்டத்தின் பதிவுகள் முழுக்க ஒரு நாள் காணாமல் போயின. அழித்தது யார் என்று பார்த்ததில் ‘ரூட்’ என்று இருந்தது. உடனே நோட்டீஸ் போயிற்று.

"அது ஆளில்ல சார்" என்றார் தாணுலிங்கம். "சர்வர்ல எல்லா அதிகாரமும் உள்ள கணக்குக்கு அந்தப் பேரு. பாஸ்வேர்ட் தெரிஞ்சவன் ஆரு உள்ள போனாலும் ரூட்டுன்னுதான் காட்டும்."

"பாஸ்வேர்ட் ஆர்க்கெல்லாம் தெரியும்?"

தாணுலிங்கம் யோசித்தார். தெரியாதவர்களைச் சொல்வது சுலபமாக இருந்தது. அது ஏசி பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்தது. ஏசி ரிப்பேர் செய்ய வந்தவருக்குத் தெரியும். கீழே லாட்ஜ் வரவேற்பில் இருப்பவருக்கும் தெரியும். "எல்லார்க்கும் தெரியும் சார்" என்றார்.

"எனக்குத் தெரியாதே!" என்று நிர்வாக அலுவலர் ஜெயனின் முகம் வாடிப்போயிற்று. இத்தனை வருடம் தன்னிடம் ஒருவரும் சொல்லவில்லை என்பது அவருக்கு அவமானமாக இருந்தது. அன்று மாலையே கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் சமாதானமானார்.

கழக்கூட்டம் ஐடி பூங்காவில் உள்ள ஒரு நிறுவனத்திலிருந்து ஆலோசனை சொல்ல நீது என்ற பெண் வந்தாள். பொதுப் பாஸ்வேர்டே வேண்டாம் என்றாள். ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரில் கணக்கு. அன்றாட வேலைக்கு வேண்டிய அதிகாரம் மட்டும். பெரிய வேலை வந்தால், இரண்டு அதிகாரிகளில் ஒருவர் அனுமதி கொடுத்தால் போதும், கால் மணி நேரத்துக்கு முழு அதிகாரம் கிடைக்கும். யார் என்ன செய்தார்கள் என்பது அவரவர் பெயரில் பதிவாகும். அனுமதி கேட்கும் பக்கம் தனி மெஷினில் இருக்க வேண்டும். எல்லாம் நின்றுபோகும் அவசரத்துக்கு ஒரு சிறிய சாவி. கணினியில் செருகினால் உள்ளே விடும். அந்த வழிக்கு இந்தத் தொழிலில் ‘கண்ணாடியை உடைப்பது’ என்று பெயர் என்றும் சொன்னாள்.

சொன்னது எல்லோருக்கும் புரிந்துவிட்டது. அதனால் வாரியத்துக்குச் சந்தேகம் வந்தது. இதை மேம்படுத்த ஒரு குழு அமைத்தார்கள்.

குழு முதலில் ‘அல்லது’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘மற்றும்’ என்று போட்டது. இரண்டு அதிகாரிகள் என்பது, விட்டுப்போனவர்கள் வருத்தப்பட்டதால், மூன்றாயிற்று: ஜெயன், சட்ட அலுவலர் மற்றும் கணக்கு அலுவலர். தனி மெஷின் வீண் என்று முடிவாகி, அனுமதி கேட்கும் பக்கத்தையும் அதே சர்வரில் ஏற்றினார்கள். பதிவுகளைத் தேவையான காலம் வரை வைத்திருக்கலாம் என்று நீது எழுதியிருந்தாள். ‘நிரந்தரமாக, மூன்று பிரதிகள்’ என்று திருத்தினார்கள். மூன்று பிரதிகளும் ஒரே டிஸ்க்கில்தான். கண்ணாடி மட்டும் எந்தத் திருத்தமும் இல்லாமல் ஏற்றுக்கொள்ளப்பட்டு, சாலைக் கடைத்தெருவில் தேக்குச் சட்டம் போட்ட ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு ஆர்டர் போயிற்று.

நீது வாசித்துப் பார்த்தாள். "சார், இது நான் சொன்னதில்லையே" என்றாள்.

"அதே" என்றார் செயலாளர் ஹரிகுமார், அவளைத் தேற்றுகிற குரலில். "நீங்க சொன்னதைவிட எத்ரயோ நல்லா வந்திருக்கு."

தொடக்க விழாவில் குத்துவிளக்கு ஏற்றினார்கள். ஏசி பெட்டியில் ஒட்டியிருந்த காகிதத்தை ஹரிகுமார் தன் கையால் உரித்து எடுத்தபோது கேமராக்கள் மின்னின. பிறகு அவர் மலையாளத்தில் ஆற்றிய உரையின் சாரம் இது:

"இதுவரை நம் வாரியத்தில் ஒரு தவறு நடந்தால் யார் செய்தார் என்று தெரியாது. இனி ஒருவராலும் ஒன்றும் செய்ய முடியாது என்பதால் தவறுக்கே இடமில்லை. யாரையும் நம்பாதே என்பதுதான் இன்று உலகம் முழுவதும் பாதுகாப்பின் அடிப்படை என்று ஆலோசகர் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. நான் சர்வீசில் சேர்ந்த நாளிலிருந்து அதைத்தானே செய்துவருகிறேன்!"

நம்பப்படாதவர்கள் எல்லோரும் கைதட்டினார்கள். தாணுலிங்கமும் தட்டினார்.

மறுநாள் முதல் அவருக்குச் சொந்தப் பெயரில் கணக்கு இருந்தது. அதில் சர்வரைப் பார்க்கலாம், தொட முடியாது. ஒரு பிரிண்டரைச் சேர்க்க வேண்டுமென்றால்கூட அனுமதி கேட்க வேண்டும். கேட்டால் மூன்று அதிகாரிகளின் போனுக்கும் ஆளுக்கொரு எண் வரும். அதை அவர்கள் பதிய வேண்டும். ஜெயன் உடனே பதிந்துவிடுவார். சட்ட அலுவலர் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து, எண்ணை இரண்டு முறை வாசித்து, இதில் சட்டச் சிக்கல் ஏதும் இல்லையே என்று கேட்டுவிட்டுப் பதிவார். கணக்கு அலுவலர் மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பதிவார். அதற்குள் ஜெயன் கொடுத்த அனுமதியின் கால் மணி நேரம் முடிந்துபோயிருக்கும். தாணுலிங்கம் மறுபடி கேட்பார். கேட்டது, கிடைத்தது, காலாவதியானது எல்லாமே மும்மூன்று பிரதிகளாக டிஸ்க்கில் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தன.

"டிஸ்க் நிறைஞ்சிட்டு வருது சார், பழைய பதிவைக் கொஞ்சம் அழிக்கணும்" என்று அவர் ஜெயனிடம் சொல்லிப் பார்த்தார்.

"பதிவை அழிக்கதா?" ஜெயன் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "தாணு, நீ நல்ல ஆளாக்கும். இதை நான் கேட்டதா வச்சுக்கல. வேற ஒருத்தர்ட்டயும் சொல்லிடாதே, கேட்டோ."

நர்சிங் கல்லூரி விண்ணப்பத்துக்குக் கடைசி நாளன்று டிஸ்க் நிறைந்தது. காலையில் தாணுலிங்கம் வந்து உட்கார்ந்தபோது சர்வர் எந்த வேலையையும் ஏற்க மறுத்து நின்றது. நின்றதற்கான காரணத்தைப் பதிவுசெய்யக்கூட அதனிடம் இடமில்லை.

வாசல் பெஞ்சில் ஒரு தாயும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். தாய் பொன்னம்மை போனக்காடு எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவள். மகள் ரேஷ்மி பன்னிரண்டாவதில் நல்ல மார்க்கு. நர்சிங் கல்லூரியில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒதுக்கிய இடத்தில் அவள் பெயர் வந்திருந்தது. மாலை ஐந்து மணிக்குள் சான்றிதழைக் கல்லூரியின் தளத்தில் ஏற்றிவிட்டால் இடம் அவளுக்கு. சான்று எல்லாச் சோதனையும் முடிந்து, சர்வருக்குள்ளே தயாராகக் கிடந்தது. வெளியே வர வேண்டியதுதான் பாக்கி.

"மொத பஸ்ஸுக்கே எறங்கிட்டோம் சாரே" என்றாள் பொன்னம்மை. "போன்ல வரும் வரும்னு பாத்தோம், வரல்ல. அதான் நேர்லயே வாங்கிட்டுப் போவோம்னு."

"இப்ப ஆயிரும்மா. இருங்க" என்றார் தாணுலிங்கம். அப்போது அவர் அதை நம்பினார்.

அவர் செய்ய வேண்டியிருந்தது இவ்வளவுதான்: பழைய பதிவுகளில் கொஞ்சத்தை அழிப்பது. ஒரே ஒரு வரி. அதற்கு முழு அதிகாரம் வேண்டும். அதிகாரத்துக்கு அனுமதி வேண்டும். அனுமதி கேட்கும் பக்கமோ அதே சர்வரில் இருந்தது, திறக்கவில்லை. அணைத்துப் போட்டாலும் நிறைந்த டிஸ்க் நிறைந்தபடியேதான் எழுந்து வரும்.

ஜெயனிடம் போனார். "சார், பேஜ் திறக்கல்ல. வாயால கேக்கேன், அனுமதி குடுங்க."

"தந்தேன்" என்றார் ஜெயன் தாராளமாக. "எடுத்துக்கோ."

"சர்வர் ஏத்துக்கணுமே சார்."

"அப்போ ரிக்வெஸ்ட் அனுப்பு."

"அனுப்ததுக்குத்தான் சார் சர்வர் வேணும்."

ஜெயன் இரக்கத்தோடு பார்த்தார். "ரிக்வெஸ்ட் வராம நான் எப்படி அப்ரூவ் செய்யும்? அது சட்டவிரோதம் அல்லே?"

கையால் எழுதி, சீல் வைத்து ஒரு சான்று கொடுக்கலாமே என்று தாணுலிங்கம் கேட்டார். கையெழுத்துச் சான்று முறை ஒழிக்கப்பட்டுவிட்டது. ஒழித்ததற்கு வாரியம் விருதே வாங்கியிருந்தது. பின்னாலேயே வந்து நின்ற பொன்னம்மைக்குத் தாங்கவில்லை.

"சாரே, இவ பேசுறதக் கேட்டாப் போதாதா? பொறந்ததுலேருந்து தமிழுதான். ஏட்டி, சாரு கிட்ட ரெண்டு வார்த்தை பேசு."

"என்னத்தம்மா பேச?" என்றாள் ரேஷ்மி வெட்கத்தோடு.

ஜெயன் தலையாட்டினார். "கேட்டேன். தமிழ்தான், ஒரு சம்சயமும் இல்ல. ஆனா அது எனக்குத் தெரிஞ்ச காரியம். வாரியத்துக்குத் தெரியணும் அல்லே அம்மா?"

மதியம் தாணுலிங்கம் கல்லூரிக்குப் போன் செய்தார். எடுத்த பெண் நல்லவளாக இருந்தாள். "இவிடே ஆரும் அந்தக் குட்டியை வேண்டாம்னு சொல்லல்ல சாரே. அஞ்சு மணி ஆனா சைட்டு தானே அடையும். எங்க கையில ஒண்ணும் இல்ல" என்றாள். அவரால் அவளைக் கோபிக்க முடியவில்லை. அதே பதிலை அவரும் காலையிலிருந்து நாலைந்து பேருக்குச் சொல்லியிருந்தார்.

மிச்சம் இருந்தது கண்ணாடிப் பெட்டி. செயலாளரின் அறைக்கு வெளியே, பூந்தொட்டிகளுக்கு நடுவில், உள்ளே வெல்வெட் துணியில் சாவி படுத்திருந்தது. பக்கத்துச் சுவரில் சிவப்புச் சுத்தியல். யாரும் கொண்டுபோகாமல் இருக்கச் சங்கிலி போட்டுப் பிணைத்திருந்தார்கள்.

தாணுலிங்கம் ஹரிகுமாரின் அறைக்குள் போய் விவரம் சொன்னார். ஹரிகுமாருக்கு அம்மா வழியில் தமிழ் உண்டு. தாணுலிங்கத்தோடு அவர் தமிழில்தான் பேசுவார், அல்லது அது தமிழ் என்று நினைத்துப் பேசுவார்.

"அவசரம்ணு நீ தீர்மானிச்சாப் போதுமோ? அவசரம்தானாணு பார்க்க கமிட்டி உண்டு. அதைக் கூட்டணும்."

கமிட்டி என்பது அதே மூன்று பேர்தான். கூடினார்கள். ஒரு தேயிலைத் தொழிலாளியின் மகளுக்கு இடம் போவது வாரியத்துக்கு அவசரமா, அந்தப் பெண்ணுக்கு மட்டும் அவசரமா என்று சட்ட அலுவலர் கேட்டார். நல்ல கேள்வி என்று பதிவானது. நாளை ஒரு மந்திரியின் உறவுக்காரருக்கும் சான்று வேண்டியிருக்கலாமே என்று கணக்கு அலுவலர் சொன்னதும் அவசரம் என்று தீர்மானமாயிற்று.

அடுத்து ஜெயன் ஒரு சிக்கலைக் கிளப்பினார். பெட்டி வாரியத்தின் சொத்துக் கணக்கில் ஏறியிருக்கிறது. "உடையாத கண்ணாடியை உடைஞ்சதா எழுதித் தள்ள முடியாது. எழுதித் தள்ளாம அரசாங்கச் சொத்தை உடைக்கவும் முடியாது."

"உடைக்கதுக்குத்தானே சார் அதை வாங்கினது?" என்றார் தாணுலிங்கம். அவருடைய குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"வாங்கினது பாதுகாக்க" என்றார் ஜெயன். "உடைக்கறது உபயோகம். ரெண்டும் வேற வேற தலைப்பு."

ஹரிகுமார் நல்ல மூடில் இருந்தார். தன் பொறுப்பில் உடைப்பதாகச் சொல்லி எழுந்தார். போட்டோ எடுப்பவரைக் கூப்பிட்டார்கள். அவர் வருகிற வரையில் தாணுலிங்கம் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார். ஒவ்வொரு முறை வெளியே வரும்போதும் பொன்னம்மை எழுந்து நின்றாள். "இப்ப ஆயிரும்மா" என்று சொல்வதை அவர் நிறுத்தியிருந்தார்.

ஹரிகுமார் சுத்தியலை எடுத்து ஓங்கினார். சங்கிலி கண்ணாடிக்கு ஒரு சாண் இப்பாலேயே நின்றது. பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சுத்தியலை நோக்கி இழுத்தார்கள். இரண்டாம் முறை ஓங்கியபோது போட்டோக்காரர், சார் கொஞ்சம் இந்தப் பக்கம் பார்த்துச் சிரிங்க என்றார். மூன்றாம் முறை கண்ணாடி உடைந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். வெளியே பெஞ்சில் இருந்த ரேஷ்மியும், என்னவென்று தெரியாமலே, நல்லது நடந்துவிட்டது என்று எழுந்து நின்றாள்.

தாணுலிங்கம் சில்லுகளுக்கு நடுவில் கைவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார். விரல் கிழிந்திருந்தது அப்போது தெரியவில்லை. சாவி கணினியில் நுழையவில்லை. திருப்பிச் செருகினார். பிறகு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிளாஸ்டிக். மேலே வெள்ளிப் பூச்சு.

"சார், இது சாவியில்ல."

"மாதிரி" என்றார் ஹரிகுமார், சங்கடமே இல்லாமல். "ஒரிஜினலை அதுக்குள்ள வைக்க ஒக்குமோ தாணுலிங்கம்? எவனாவது கண்ணாடியை உடைச்சு எடுத்திட மாட்டானா?"

ஒரிஜினல் கருவூலத்தின் பாதுகாப்பறையில் பத்திரமாக இருந்தது. கருவூலம் அன்றைக்கு மூடியாயிற்று.

தாணுலிங்கம் வெளியே வந்தார். தம்பானூர் பஸ் நிலையத்தின் அறிவிப்புகள் ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தன. மணி ஐந்தைத் தாண்டியிருந்தது. என்ன சொல்வதென்று அவர் வரும்போதே யோசித்துக்கொண்டு வந்தார். பெஞ்சருகே போய் நின்றார்.

"சாரே, கையில சோரை வடியுது" என்றாள் பொன்னம்மை. முந்தானை நுனியைக் கிழித்து அவர் விரலில் சுற்றினாள். "மிஷினு ரொம்ப மோசமா இருக்கோ?"

"ஆமாம்மா."

"போட்டும். நீங்க என்ன செய்வீங்க." பொன்னம்மை மகளின் தோளைத் தொட்டாள். "வா, பஸ்ஸு போயிரும்."

அவர்கள் படியிறங்கிப் போவதை அவர் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு தடவையாவது அவள் தன்னைத் திட்டியிருக்கலாம் என்று இருந்தது.

அடுத்த வாரம் மூன்று அதிகாரிகளும் வாரியத்தின் காரில் போய்ச் சாவியைக் கொண்டுவந்தார்கள். தாணுலிங்கம் ஒரு வரி அடித்தார். சர்வர் எழுந்தது. தேங்கிக்கிடந்த சான்றுகள் எல்லாம் வரிசையாக வெளியே போயின. ரேஷ்மி தமிழச்சி என்பது அவள் போனுக்குப் போய்ச் சேர்ந்தது. கூடவே, சேவை எப்படி இருந்தது என்று நட்சத்திரம் கேட்கும் செய்தியும் போயிற்று.

தாணுலிங்கத்துக்கும் ஒரு மெமோ வந்தது. சம்பவத்தன்று சர்வருக்குள் நுழைய முயன்றவர் அவர் ஒருவர்தான் என்பதும், பலமுறை முயன்றிருக்கிறார் என்பதும் அவர் கணினியிலிருந்தே தெளிவாகத் தெரிந்தது. அவர் பதில் எழுதிக் கொடுத்தார். பதிலை ஆராய ஒரு குழு அமைத்தார்கள்.

வருட முடிவில் பாதுகாப்புக்கான மாநில விருது வாரியத்துக்கு அறிவிக்கப்பட்டது. ஹரிகுமார் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டுப் பேசினார்:

"ஒரு முழு வாரம் நம் சர்வருக்குள் ஒரு ஈ நுழையவில்லை. நாமே நினைத்தும் நுழைய முடியவில்லை! இதைவிடப் பாதுகாப்பு எங்கே உண்டு? மக்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். அந்த வாரத்துச் சேவையைப் பற்றிக் கருத்துச் சொன்ன பயனாளிகளில் நூறு சதவீதம் பேர் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருக்கிறார்கள்."

அந்த நூறு சதவீதம் எத்தனை பேர் என்று எவரும் கேட்கவில்லை. தாணுலிங்கம் தன் இடத்துக்குப் போய்ப் பார்த்தார். பார்க்கிற அதிகாரம் அவருக்கு இருந்தது. ஒரே ஒருவர். போனக்காடு.

விருது விழாவுக்குச் செயலாளருக்குப் போர்த்த நல்ல பொன்னாடை ஒன்று வாங்கிவரச் சொல்லி ஜெயன் அவரைப் பழவங்காடிக்கு அனுப்பினார். பிள்ளையார் கோயிலுக்கு எதிர்வரிசையில் ஒரு ஜவுளிக்கடையில் ஏறினார். பொன்னாடை அடுக்கியிருந்த மேஜைக்குப் பின்னால் கடையின் நீலச் சேலையில் ரேஷ்மி நின்றாள்.

"சாரே! நீங்களா? கை பேதமாச்சா, புண்ணு ஆறிருச்சா?"

"ஆச்சும்மா." அவர் சுற்றிலும் பார்த்தார். "இங்கயா இருக்கே?"

"ஹாஸ்டல் உண்டு சாரே. நல்ல ஆளுங்க. எப்பவும் நிக்கணும், அதுதான் ஒண்ணு. அடுத்த வருஷம் பின்னேயும் எழுதிப் பாருன்னு அம்மா சொல்லுது." பேசிக்கொண்டே பொன்னாடைகளைப் பிரித்துப் போட்டாள். "அந்தச் சர்ட்டிபிகேட்டு அடுத்த வருஷத்துக்குச் செல்லுமில்ல?"

வாரியத்தின் சான்று ஆறு மாதத்துக்குத்தான் செல்லும். அதற்கு மேல் தமிழாக இருக்க வேண்டுமானால் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். அதை அவர் சொன்னார். அவள் சிரித்தாள், கேலிக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

"இது ஆருக்கு சாரே?"

"எங்க செக்ரட்டரிக்கு. அவார்டு."

"அப்போ இது போதாது. கசவு வீதியா, ஜரிகைக் கரை அகலமா உள்ளது காட்டுறேன்" என்று மேல்தட்டிலிருந்து ஒன்றை இறக்கி, அவர் தோளிலேயே போர்த்தி அளவு பார்த்தாள். கண்ணாடியில் தன்னைப் பார்க்காமல் தாணுலிங்கம் கேட்டார்:

"அஞ்சு ஸ்டார் போட்டது நீதானே? எதுக்கும்மா போட்டே?"

ரேஷ்மி பொன்னாடையை அவர் தோளிலிருந்து எடுத்து, மடிப்புக் கலையாமல் மேஜையில் வைத்து மடித்தாள்.

"அன்னைக்கு நீங்க ஓடின ஓட்டத்தைப் பாத்தேன் சாரே. கொறச்சுப் போட்டா உங்க ஜோலி போயிருமோன்னு பயமாப்போச்சு."